குரங்குகளின் பள்ளிக்கூடம்

வாத்தியாரும் குரங்கு, பிள்ளைகளும் குரங்கு. இன்னொரு படத்தில் சமையற்கட்டு முழுக்கக் குரங்குகள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியில் பீட்டர் வான் டெர் போர்ஹ்ட் என்ற ஓவியர் செய்த அச்சுப்படங்கள் இவை. செய்வதெல்லாம் மனிதர் வேலை, செய்பவை குரங்குகள்.

முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? குரங்கு தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லையே, நாம் செய்வதைத்தானே செய்கிறது!

இந்தக் கேலி திடீரென்று முளைத்ததல்ல. இடைக்காலக் கையெழுத்துப் புத்தகங்களின் ஓரங்களிலேயே குரங்கு வைத்தியர் உண்டு. மூத்திரக் குடுவையைத் தூக்கிப் பிடித்து நோய் பார்ப்பார். 1562இல் மூத்த பீட்டர் புரூகல் வரைந்த ஒரு படம் அச்சாக வந்தது. அதில் தூங்கும் வியாபாரியின் மூட்டையைக் குரங்குகள் பிரித்துக் கூத்தடிக்கின்றன. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலம் விட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். வான் டெர் போர்ஹ்ட்டின் முறை இதுதான். ஒரு தகட்டிலிருந்து நிறையப் பிரதிகள் எடுக்கலாம். பணக்காரர் வீட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் இருந்த குரங்கு இப்படித்தான் கடைத்தெருவுக்கு வந்தது.

வான் டெர் போர்ஹ்ட்டின் வாழ்க்கையில் சிரிப்பு மட்டும் இல்லை. 1572இல் ஸ்பானியப் படை அவருடைய ஊரான மெக்கலனைச் சூறையாடியது. அவர் தப்பி ஆண்ட்வெர்ப் நகருக்கு ஓடினார். அங்கே பிளான்டின் என்ற பெரிய அச்சுக்கூடக்காரர் ஆதரவு கொடுத்தார். பிளான்டினின் தாவரவியல் நூல்களுக்காக அவர் வரைந்த செடிகொடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இலை, வேர், பூ எல்லாம் செடியில் உள்ளபடியே இருக்கணும்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. 'கலை இயற்கையின் குரங்கு' என்றொரு பழைய லத்தீன் வழக்கு உண்டு. கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து அப்படியே வரைவதுதான் அவர் பிழைப்பு. அப்படியென்றால் அந்தக் குரங்குக் கூட்டத்தில் அவரும் ஒருவர்தானே? இது என் ஊகம்தான். ஆனால் அடுத்த நூற்றாண்டில் இளைய டேவிட் டெனியர்ஸ் இதை வெளிப்படையாகவே வரைந்துவிட்டார். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், தூரிகை பிடித்துப் படம் வரைந்துகொண்டிருப்பது ஒரு குரங்கு.