பற்றரியைக் கொல்வது மின்வெட்டல்ல, சார்ஜர்!

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. அக்காலத்தில் பல கடைகள் பற்றரியில் இயங்கும் விளக்குகளையும் யூ.பி.எஸ். கருவிகளையும் வாங்கின. மின்சாதனங்கள் திருத்தும் என்னிடம் வயிறு ஊதிய பற்றரியோடு வரும் வியாபாரிகள், "பற்றரி தரமில்லை" என்றே முறையிடுகின்றனர். நான் முதலில் கேட்பது சார்ஜரைத்தான்.

இவ்வாறான கருவிகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி கொண்ட மூடிய ஈய அமிலப் பற்றரி. எந்நேரமும் சார்ஜில் இருக்கும் அதற்கு 13.5 முதல் 13.8 வோல்ட் வரை போதுமானது. நாள் முழுக்க 14.5 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகி வெளியேறும். அதற்கு மீண்டும் நீர் ஊற்ற முடியாது. வோல்ட் குறைந்தாலோ ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து கொள்ளளவு சுருங்கும்.

இதற்கான சார்ஜர் எளிமையானது. 15 வோல்ட் டிரான்ஸ்போமர், நான்கு டயோட்கள், ஒரு கெப்பாசிட்டர், வெப்பத் தகட்டில் பொருத்திய எல்.எம். 317 ஐ.சி. ஆகியவையே பிரதானம். ஐ.சி.க்கு 240 ஓம் தடையியும், திருகி மாற்றக்கூடிய 5 கிலோ ஓம் தடையியும் போட்டு வோல்ட்டைச் சரிசெய்யலாம். வெளியீட்டில் ஒரு டயோட் அவசியம். மின்சாரம் நின்றதும் பற்றரி சார்ஜருக்குள் வடிந்துவிடாமல் அது தடுக்கும். அந்த டயோட்டுக்குப் பின்னால் மீற்றர் வைத்து 13.7 வோல்ட்டுக்குத் திருக வேண்டும். பற்றரியின் மறைப் பக்கம் 1 ஓம் தடையியும் ஒரு சிறிய திரான்சிஸ்டரும் சேர்த்தால், மின்னோட்டம் ஏறக்குறைய 0.6 அம்பியரைத் தாண்டாது. காலியான பற்றரி நிரம்ப 12 மணித்தியாலத்திற்கு மேலாகும். அந்தப் பொறுமைதான் அதற்கு ஆயுள். பற்றரியின் நேர் முனைக்கருகில் ஒரு பியூஸும் போடுங்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெப்பமும் பற்றரிக்கு எதிரி. வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே தகரக் கூரையின் கீழோ குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலோ பற்றரியை வைக்காதீர்கள்.

புதிய பற்றரிக்குக் காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாக இருக்கும் பற்றரியொன்றை ஒரு நாள் முழுவதும் சார்ஜில் விட்டு, அதன் இரு முனைகளிலும் மீற்றரை வையுங்கள். 14 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்ற வேண்டியது சார்ஜரே. இந்தச் சாதனங்களை விற்பவர்களும் இச்சோதனையைச் செய்த பின்னரே விற்பது நல்லது. உத்தரவாத அட்டையுடன் பொருள் திரும்பி வந்தால் இலாபத்தோடு நம்பிக்கையும் போய்விடும்.