ஆயிரம் பேருக்கு ஓர் அஞ்சல்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்பெறும் தோலும், அதனின்று உருவாகும் காலணியும் கடல் கடந்து ஜெர்மனி, இத்தாலி முதலிய தேசங்களுக்குச் செல்வதால், அந்நிய வர்த்தகர் பலருக்கு ஏககாலத்தில் மின்னஞ்சல் விடுக்க விரும்பும் ஏற்றுமதியாளர் சில நியமங்களை அறிந்திருத்தல் அவசியமாகும்.

1978ஆம் ஆண்டில் கேரி துர்க் என்னும் அமெரிக்க விற்பனையாளர், கணினி விளம்பரம் ஒன்றை இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானது முதல், கேளாதார்க்கு அனுப்பும் மடல் வெறுப்பையே விளைவித்து வருகிறது.

கட்டணமற்ற ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 பேருக்கே எழுதலாம். அதற்கு மேற்பட்டால் சொந்த இணையப் பெயரும், மொத்த அஞ்சல் சேவையும் வேண்டும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாள்தோறும் 5,000 மடல்கள் அளவில் விடுப்போர், அனுப்ப உரிமை பெற்ற சர்வர்களை அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., சரக்குமூட்டை மீது பொறிக்கும் அரக்கு முத்திரை போன்ற டி.கே.ஐ.எம்., இவ்விரண்டில் எதுவும் பொருந்தாத மடலை யாது செய்வதென உரைக்கும் டிமார்க் ஆகிய மூன்றையும் அமைத்தல் வேண்டுமென்றும், விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வழியை வைக்க வேண்டுமென்றும், பெறுவோர் வேண்டாத மடலெனப் புகாரிடும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாதென்றும் கூகுள் விதித்துள்ளது.

ஆதலின், விலைக்கு வாங்கிய முகவரிகளைத் தவிர்த்து, சம்மதம் தந்தோர்க்கு மட்டுமே எழுதுவீராக.