கூரையில்லாப் பருவம் – 6: நடைமேடையில் இரண்டு வேலைகள்

இந்தியாவின் பெரிய ரயில் நிலையங்களில் பெரியவர் துணையின்றித் திரியும் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசுவது, காயத்துக்கு மருந்திடுவது, வீட்டுக்கோ விடுதிக்கோ போக வழிசெய்வது ஆகியவை சேர்ந்ததே தெருக்களப் பணி. அலுவலகத்தில் இருந்துகொண்டு நாடி வருபவரைக் கவனிக்கும் சமூகப் பணிக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான். இங்கே நடந்துபோக வேண்டியவர் பணியாளர். பிள்ளை தானாக வர மாட்டான். வராமல் இருக்க அவனிடம் நியாயமான காரணங்கள் உண்டு.

நடைமேடையில் இரண்டு விதப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் இன்று காலை வந்து இறங்கியவன். இன்னொருவன் மூன்று வருடமாக அங்கேயே உண்டு உறங்குபவன். முதலாமவனிடம் சில மணிநேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டாமவனிடம் அவசரப்பட்டால் அவன் அடுத்த வண்டியில் ஏறிவிடுவான். இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, ஒரே அளவுகோலால் அளப்பதில்தான் இந்தத் துறையின் பாதிச் சிக்கல் இருக்கிறது.

ஓடிவரும் பிள்ளைகள் ரயிலைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட்டால் ஒரே இரவில் அடையாளம் தெரியாத ஊருக்குப் போய்விடலாம். இறங்குமிடத்தில் குழாய்த் தண்ணீர், கழிப்பறை, மேற்கூரை, பயணிகள் மிச்சம் வைத்த சாப்பாடு, சில்லறை வருமானம் எல்லாமே கிடைக்கும். ஓடுவதற்கான காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, மறுமணம் செய்துகொண்ட பெற்றோர், பள்ளியில் விழுந்த அடி, தேர்வில் தோல்வி, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பியது எனக் காரணங்கள் நீளும். சில சமயம் சாதாரணச் சண்டையும், பம்பாயைப் பார்க்கும் ஆசையுமே போதும். வறுமை பின்னணியில் உண்டு என்றாலும் அது மட்டுமே காரணம் அல்ல. அதே வீட்டில், அதே பட்டினியில், மற்றப் பிள்ளைகள் ஓடாமல் இருக்கிறார்கள்.

தெருக்களப் பணி அமைப்பாக உருப்பெற்றது 1980களின் இறுதியில். மீரா நாயரின் ‘சலாம் பாம்பே!’ திரைப்படம் 1988இல் வெளிவந்தது. தெருப்பிள்ளைகளே அதில் நடித்தார்கள். படத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு சலாம் பாலக் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இயக்குநரின் தாய் பிரவீண் நாயர் டெல்லியில் அதை நடத்தினார். புது டெல்லி ரயில் நிலையத்தில், ரயில்வே போலீசாரின் கட்டட மாடத்தில், 25 பிள்ளைகளோடு வேலை ஆரம்பித்தது. (படத்தின் முதன்மைச் சிறுவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னாளில் அவர் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். கைதட்டலும் விருதும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அவ்வளவு சுலபமாக மாற்றிவிடுவதில்லை.) 1989இல் டெல்லியிலேயே ‘பட்டர்ஃப்ளைஸ்’ அமைப்பு வந்தது. 1992இல் கர்நாடகத்தின் ராய்ச்சூரில் ‘சாத்தி’, 1995இல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ‘கருணாலயா’ ஆகியவை தோன்றின. 1996இல் மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாக, ஜெரு பில்லிமோரியாவின் முயற்சியில், பிள்ளைகளுக்கான 1098 என்ற உதவி எண் பிறந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று கீழிறங்கும் எண் நினைவில் நிற்கும் என்று சொன்னவர்கள் தெருப்பிள்ளைகள்தான்.

இவற்றுள் சாத்தியின் வழி தனியானது. புதிதாக வந்தவனைக் கண்டுபிடி, வீட்டு முகவரியைக் கேள், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர் என்பதே அதன் அடிப்படை. மால்கம் ஹார்ப்பரும் லலிதா ஐயரும் 2013இல் வெளியிட்ட நூல் இந்த அனுபவத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. புதிய பிள்ளையை அடையாளம் காண அனுபவம் வேண்டும். அவன் உடை இன்னும் அழுக்கேறியிருக்காது. காலில் செருப்பு இருக்கும், தோளில் பள்ளிப் பையும் இருக்கலாம். ஏதாவது ஒரு குடும்பத்தின் அருகே, அவர்களோடு வந்தவன் போல, உட்கார்ந்திருப்பான். வண்டி புறப்பட்டு அந்தக் குடும்பம் போனதும் இன்னொரு குடும்பத்தின் பக்கம் நகர்வான். பயிற்சி பெற்ற கண் கவனிப்பது இந்த நகர்தலைத்தான்.

அவனைத் தேடுபவர் பணியாளர் மட்டுமல்ல என்பதால்தான் நேரம் முக்கியமாகிறது. கையிலுள்ள பணத்தைப் பிடுங்கி, தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பெரிய பையன்கள் வருவார்கள். உணவகத்துக்கும் பட்டறைக்கும் ஆள் பிடிக்கும் தரகர்கள் வருவார்கள். இவர்களில் யார் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறாரோ அவர் பின்னால் அவன் போய்விடக்கூடும். முதல் நாளிலேயே ஒரு நல்ல ஆள் கண்ணில் பட்டால், பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு ரயில் பயணத்திலும் காரியம் முடிந்துவிடும். தெருக்களப் பணியின் பயன் கண்ணுக்கு நேராகத் தெரிவது இங்கேதான்.

அரசும் பிடித்துக்கொண்டது புதியவனைத் தேடும் இந்தப் பாதி வேலையைத்தான். டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக, ரயில்வேக்கு வரும் பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும் என்ற நடைமுறை விதிகள் 2015இல் வெளியாயின. நிலையங்களில் சிறார் உதவி மையங்கள் வந்தன. ரயில்வே பாதுகாப்புப் படை 2018 முதல் நடத்தும் ‘நன்ஹே ஃபரிஷ்தே’ இயக்கத்தில் 2024 மே வரை 84,119 பிள்ளைகள் மீட்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரு சீருடைப் படை, ஓடிவந்த பிள்ளையைத் தொல்லையாகக் கருதாமல் பொறுப்பாகக் கருதத் தொடங்கியது சிறிய மாற்றமல்ல. ஆனால் மீட்பு என்ற சொல் நடைமேடையில் பிள்ளையைக் கண்டெடுத்த கணத்தோடு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அவன் எங்கே இருக்கிறான் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. வீட்டில் அடித்தவர் அடிப்பவராகவே இருந்தால் அவன் மறுபடி ஓடுவான். மறுபடி பிடிபட்டால் அந்தப் பட்டியலில் இன்னொரு மீட்பு ஏறும்.

இனி இரண்டாமவன். நடைமேடையில் பல மாதம் கழித்தவனுக்கு அது ஒரு வாழ்க்கைமுறை. தண்ணீர்ப் போத்தல் பொறுக்குவான், பெட்டி கூட்டுவான், பயணிகளிடம் கை நீட்டுவான். வருமானம் நாம் நினைப்பதைவிட மோசமில்லை. அது மறுநாள் வரை தங்காது என்பதே பிரச்சினை. இரவில் தூங்கும்போது பெரிய பையன்கள் பையைத் துழாவுவார்கள், சில இடங்களில் சீருடைக்காரரும் பங்கு கேட்பார். எனவே கையில் வந்ததை அன்றே சாப்பாட்டிலும், சினிமாவிலும், போதையிலும் கரைப்பதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனம். ஊதாரித்தனம் என்று வெளியார் எண்ணுவது, பூட்டில்லாத இடத்தில் வாழ்பவனின் கணக்கு.

பட்டர்ஃப்ளைஸ் 2001இல் டெல்லியில் தொடங்கிய சேமிப்புத் திட்டம் இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டது. வேலை செய்யும் பிள்ளைகளே உறுப்பினர், அவர்களில் ஒருவரே மேலாளர். அன்றைய காசை அன்றே போட்டு, வேண்டும்போது எடுக்கலாம். கடன் தருவதா என்பதையும் பிள்ளைகளின் குழுவே முடிவு செய்யும். செலவழிக்காதே என்று கண்டிப்பதும் சேமி என்று உபதேசிப்பதும் செய்யாததை ஒரு பூட்டிய பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகமும் செய்தன. பின்னர் இத்திட்டம் வேறு நாடுகளுக்கும் பரவியது.

போதையில் மலிவானது, எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும் திருத்துதிரவம். துணியில் நனைத்து முகர்ந்தால் பசி, குளிர், பயம் மூன்றும் மந்தமாகும். போத்தல்களில் அடைத்த திருத்துதிரவத்தின் விற்பனையை மத்திய அரசு 2012இல் தடைசெய்தது. பஞ்சர் ஒட்டும் பசை போன்றவை பெட்டிக்கடையில் கிடைக்கும்வரை தடையின் பயன் ஓரளவுதான். களப்பணியாளர் அந்தத் துணியைப் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் மறுநாள் பையன் ஒளிந்துகொள்வான், அவன் காலில் சீழ் பிடித்திருக்கும் புண்ணைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஆகவே வேலை சிறு சிறு காரியங்களாக நடக்கிறது. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், ஒரே ஆள் வாரக்கணக்கில் போவது. முதலுதவிப் பெட்டியும் கேரம் போர்டும் கொண்டுபோவது. சொன்ன பெயர் பொய் என்று தெரிந்தும் அந்தப் பெயராலேயே கூப்பிடுவது. டெல்லியில் ‘பையா’ என்றும், சென்னையில் ‘அண்ணா’, ‘அக்கா’ என்றும் பிள்ளைகள் அழைக்கத் தொடங்குவதற்கே நாள் பிடிக்கும். நிஜப்பெயர் அதற்கும் பிறகு வரும், ஊர்ப்பெயர் கடைசியில். பூட்டும் வேலியும் கொண்ட அரசு இல்லத்தை ஒருமுறை பார்த்தவனுக்கு, முகவரி என்பது எதிரியிடம் கொடுக்கக்கூடாத ஆயுதம். நீண்டகாலம் வெளியே இருந்தவர்களைச் சாத்தி நேரே வீட்டுக்கு அனுப்புவதில்லை. நிலையத்தின் இரைச்சலிலிருந்து விலகிய ஓரிடத்தில் ஏறக்குறைய ஒரு மாத முகாம் நடக்கும். போதை தெளிந்து, உடம்பு தேறி, வீட்டை நினைக்கும் மனம் வந்த பிறகே பயணம்.

இந்தப் பொறுமைக்கும் சட்டத்துக்கும் நேரடி உரசல் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளையைக் கண்ட எவரும் 24 மணிநேரத்துக்குள் உரிய அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அன்று வந்திறங்கியவனுக்கு இது கவசம். மூன்று வருடம் நடைமேடையில் இருந்து, இரண்டு இல்லங்களிலிருந்து தப்பி வந்தவனைப் பொறுத்தவரை, ‘அண்ணா’வும் பிடித்துக்கொடுக்கும் ஆள்தான் என்பதற்குச் சான்று. பிள்ளை வியாபாரத்தைத் தடுக்க இப்படியொரு விதி தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கடிகாரத்தை வைத்தது, மெதுவான வேலைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் செய்துவிட்டது.

பெண் பிள்ளைகள் இந்தக் காட்சியில் குறைவாகவே தெரிகிறார்கள். டெல்லியில் 2011இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு 50,923 தெருப்பிள்ளைகளைக் கண்டது. அவர்களில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவர்களிலும் பலர் குடும்பத்தோடு நடைபாதையில் வாழ்பவர்கள். தனியாக வந்திறங்கும் சிறுமியை யாராவது சீக்கிரமே கூட்டிப்போய்விடுகிறார்கள். வீட்டு வேலைக்கோ, அதைவிட மோசமான இடத்துக்கோ. பெண் பணியாளர் இரவு வண்டிகள் வரும் நேரத்தில் நிலையத்தில் இல்லாவிட்டால், அவளுக்கு இந்தப் பணி நடக்கவே இல்லை என்று பொருள்.

பயன் உண்டா என்று ஆய்வுகளைக் கேட்டால் பதில் தயக்கமாக வருகிறது. தெருவோடு தொடர்புள்ள பிள்ளைகளுக்கான திட்டங்களை, ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2013இல் மதிப்பிட்டு 2016இல் புதுப்பித்தது. தரத்துக்குட்பட்ட 13 ஆய்வுகள் கிடைத்தன. அத்தனையும் செல்வ நாடுகளில் நடந்தவை. புதிய திட்டங்கள் வழக்கமான சேவைகளைவிடத் தொடர்ந்து மேலானவை என்று காட்ட முடியவில்லை. இதை ‘பயனில்லை’ என்று படிப்பது தவறு. அந்த வழக்கமான சேவையே பல ஆய்வுகளில் உணவும், குளியலறையும், ஆலோசகரும் உள்ள பகல் மையமாக இருந்தது. மும்பை நடைமேடையில் வழக்கமான சேவை என்பது பெரும்பாலும் ஒன்றுமில்லாமையே.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நட்டாஷா ஸ்லெஸ்னிக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு கூடுதலாக உதவுகிறது. எந்தச் சேவையோடும் தொடர்பில்லாத வீடற்ற இளையோர் 79 பேரைத் தெருவில் கண்டு, ஆறு மாதம் களப்பணியாளர் துணை கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை வந்துபோகும் பகல் மையத்தோடும், மறுபகுதியினரை இரவு தங்கும் காப்பகத்தோடும் இணைக்க முயன்றார்கள். இளையோர் நாடியது பகல் மையத்தை. அந்தப் பிரிவினர் மற்றச் சேவைகளையும் அதிகம் பெற்றார்கள். மது தொடர்பான விளைவுகளும் அவர்களிடம் நன்றாக இருந்தன. கதவு இரு பக்கமும் திறக்கும் இடத்துக்குத்தான் இவர்கள் வருவார்கள் என்பது இந்தியக் களப்பணியாளர் நெடுநாளாகச் சொல்லி வருவதுதான்.

1098 சேவை 2023இல் தொண்டு அமைப்புகளிடமிருந்து மாநில அரசுகளின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. நிதியும் நிரந்தரமும் கூடலாம். ஆனால் அழைப்பை எடுப்பதோடு அந்தத் தொண்டு அமைப்புகளின் வேலை முடிந்ததில்லை. அழைக்கத் தெரியாத பிள்ளைகளைத் தேடித் தெருவில் நடந்ததும் அவற்றின் வேலையாக இருந்தது. அந்த நடை புதிய அமைப்பில் யாருடைய பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

வெற்றிக் கதைகள் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தின் புருலியாவிலிருந்து 11 வயதில் ஓடிவந்து, புது டெல்லி நிலையத்தில் போத்தல் பொறுக்கி, சலாம் பாலக் இல்லத்தில் வளர்ந்த விக்கி ராய் இன்று அறியப்பட்ட ஒளிப்படக் கலைஞர். 2009இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் மறுகட்டுமானத்தைப் படமெடுத்தவர்களில் ஒருவர். 2019இல் லண்டனில் தெருப்பிள்ளைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில் கருணாலயாவின் பிள்ளைகளும் ஆடினார்கள். இவை நன்கொடையாளர் அறிக்கைகளின் அட்டையில் இடம்பெறுவது இயல்பே. பெரும்பாலான நல்ல முடிவுகளுக்குப் படம் கிடையாது: ஆறிய புண், முடித்த காசநோய் மருந்து, ஊருக்குப் போட்ட ஒரு தொலைபேசி அழைப்பு.

பதினெட்டு வயதில் எல்லாம் மாறுகிறது. குழந்தைகள் நலக் குழுவின் அதிகாரம் அத்தோடு நிற்கும். 21 வயது வரை பின்னாதரவு தரச் சட்டம் வழிசெய்தாலும், அதன் வரையறை இல்லங்களில் இருந்து வெளியேறியவர்களையே குறிக்கிறது. இல்லத்துக்குப் போகாமல் நடைமேடையிலேயே வளர்ந்தவன் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறான். லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுக் காப்பகம் என்ற உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த விடுதிகளில் அவனுக்குப் படுக்க இடம் கிடைக்கலாம். அங்கே அவன் ஐம்பது வயதுக்காரர்களோடு ஒருவன். பிறப்புச் சான்று இல்லை, பள்ளிச் சான்று இல்லை, முகவரி இல்லை என்பதால் வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் தடை. சில அமைப்புகளின் பணியாளர்கள் இந்த வயதினரோடு இன்றும் தொடர்பில் இருந்து, ஆதார் எடுக்கவும் தொழில் பழகவும் கூடவே அலைகிறார்கள். அந்த வேலைக்கு அரசுத் திட்டங்களில் தனித் தலைப்பில் நிதி கிடைப்பது அரிது. பெரும்பாலும் அது பணியாளரின் வேலை நேரத்துக்குப் பிந்தைய மணிகளில் நடக்கிறது.