கேம் கன்சோலில் இடம் போதவில்லையா?

கம்ப்யூட்டர் வாங்கும் பலர் கூடவே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவிடுகிறார்கள். குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான். வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருந்தால் ஒரு நாள் பையன் அந்த டிஸ்க்கைக் கேட்பான். நெய்வேலி டவுன்ஷிப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பர் என்னிடம், "சார், அதையே கேம் பெட்டியில் மாட்டலாமா?" என்று கேட்டார். ஹார்ட் டிஸ்க் மாட்டலாம், இந்த டிஸ்க்கை மாட்ட வேண்டாம் என்றேன்.

ஏன்? கேம்களைப் பதிய, கன்சோல் முதலில் டிஸ்க்கைத் தன் முறையில் பார்மட் செய்யும். உள்ளே இருக்கும் பைல்கள் அத்தனையும் அழிந்துவிடும். பிறகு அந்த டிஸ்க்கை விண்டோஸால் படிக்கவும் முடியாது. கம்ப்யூட்டரில் செருகியதும் "பார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள், ஓகே கொடுத்தால் இந்த முறை கேம்கள் போய்விடும். எனவே கேமுக்குத் தனி டிஸ்க்.

இடம் ஏன் தீர்கிறது என்று கேட்கலாம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற ஒரு கேமுக்கே 100 ஜிபிக்கு மேல் வேண்டும். டிஸ்க்கில் வாங்கிய கேமும் ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் ஆக வேண்டும். 500 ஜிபி கன்சோல் எத்தனை நாள் தாங்கும்? அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம் என்றால், 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும்.

2017 மார்ச்சில் வந்த 4.50 அப்டேட்டிலிருந்துதான் பிஎஸ்4-இல் இந்த வசதி உள்ளது. டிஸ்க் யுஎஸ்பி 3.0 வகையாக, 250 ஜிபி முதல் 8 டிபிக்குள் இருக்க வேண்டும். யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், கன்சோலில் நேராகச் செருகுங்கள். செட்டிங்ஸ், டிவைசஸ், யுஎஸ்பி ஸ்டோரேஜ் டிவைசஸ் எனச் சென்று டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 'பார்மட் ஆஸ் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' கொடுங்கள். அதற்கு முன் செருகியிருப்பது எந்த டிஸ்க் என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். பழைய கேம்களை நகர்த்த, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தினால் மூவ் கட்டளை கிடைக்கும். மின்சாரம் தயாராகும் ஊர்தான் என்றாலும், நகர்த்தும்போது கன்சோல் யுபிஎஸ்ஸில் இருப்பது நல்லது.

புதிய டிஸ்க்குக்குப் போவது கேம் மட்டுமே. பையன் எத்தனையாவது கட்டத்தில் நிற்கிறான் என்ற 'சேவ்டு டேட்டா' கன்சோலுக்குள்ளேயே தங்கும். அதை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் பார்மட்டில் உள்ள சாதாரண பென் டிரைவில் காப்பி எடுக்கலாம். கன்சோல் கெட்டால் பையன் அழப்போவது இதற்காகத்தான். கேமை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் கவனிக்க: யுஎஸ்பி டிஸ்க்கில் பிஎஸ்5 கேமை வைத்திருக்கலாம், அங்கிருந்தே விளையாட முடியாது. உள்ளே கொண்டு வர வேண்டும். பிஎஸ்4 கேம் என்றால் அப்படியே ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இதே கதைதான். பிஎஸ்5-க்குள் எம்.2 எஸ்எஸ்டி பொருத்தினால் இந்தச் சிக்கல் இல்லை, விலைதான் கூடுதல்.

டிஸ்க்கைக் கழற்றும்போது சட்டென்று பிடுங்காதீர்கள். பிஎஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில், சவுண்ட்/டிவைசஸ் பகுதியில் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜை நிறுத்தும் கட்டளை இருக்கும். அதைக் கொடுத்த பிறகு வயரை எடுங்கள்.