பாக்கி வைத்த பூஜ்யம்

"பில்லில் தள்ளுபடி '-0.00' என்று அச்சாகிறது. கணிப்பொறிக்குப் பூஜ்யம்கூடத் தெரியாதா?" என்று கேட்கிறார், கடைக்குச் சொந்தமாக நிரல் எழுதிய வாசகர் ஒருவர். தெரியும். நமக்கு ஒரு பூஜ்யம், அதற்கு இரண்டு.

புள்ளி வைத்த எண்களை (மிதவைப்புள்ளி எண்களை) இருமத்தில் எழுதுவதற்கான ஐஇஇஇ 754 தரம் 1985-இல் வந்தது. அதன்படி 64 பிட்டில் முதல் பிட் குறிக்கு மட்டுமே: 0 என்றால் பிளஸ், 1 என்றால் மைனஸ். மற்ற 63 பிட்டும் 0 ஆகிவிட்டாலும் முதல் பிட் 1 ஆக நிற்கலாம். -0.003-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் மிஞ்சுவது அதுதான்.

எங்கள் பாட்டி அக்கம்பக்கத்தில் சர்க்கரை கைமாற்று வாங்குவாள், கொடுப்பாள். கணக்கு நேரான பிறகும், கடைசியாகப் பாக்கி வைத்திருந்தது யார் என்பது அவளுக்கு மறக்காது. மைனஸ் பூஜ்யமும் அந்த ரகம். எந்தப் பக்கத்திலிருந்து வந்து பூஜ்யத்தைத் தொட்டோம் என்பதை அது வைத்துக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பூஜ்யமும் சமமா என்று கேட்டால் கணிப்பொறி 'ஆம்' என்கிறது. மைனஸ் பூஜ்யம் பூஜ்யத்தைவிடச் சிறியதா என்றால் 'இல்லை'. ஆனால் 1-ஐ இவற்றால் வகுத்துப் பாருங்கள்: ஒன்று பிளஸ் முடிவிலி, மற்றது மைனஸ் முடிவிலி!

இந்தத் தரத்தின் சிற்பி வில்லியம் கஹான். 1989-இல் டூரிங் விருது பெற்றவர். பூஜ்யத்தின் குறிக்காக 1987-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். காரணம் இருக்கிறது. கிழக்கிலிருந்து அளந்தால், நேர் மேற்கே உள்ள புள்ளியின் கோணம் 180 பாகையா, -180 பாகையா? மேலிருந்து வந்தால் முன்னது, கீழிருந்து வந்தால் பின்னது. அந்த ஒரு பிட் இல்லாவிட்டால் சொல்ல வழியில்லை. விமான நிலைய வானிலை அறிக்கையிலும் 'எம்00' என்று வரும். உறைநிலைக்குச் சற்றே கீழே, முழு எண்ணாக்கினால் பூஜ்யம் என்று பொருள். பனி படியுமோ என்று பார்க்கும் விமானிக்கு அந்த 'எம்' வேண்டும்.

நிரல் எழுதும் நம் ஆட்களோ 'பூஜ்யத்தைவிடச் சிறியதா' என்று ஒரே வரி எழுதிவிட்டுக் குறியைச் சோதித்தாயிற்று என்கிறார்கள். 'எண்ணே அல்ல' என்பதைக் குறிக்கும் 'நான்' மதிப்பும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் சொல்லும். அதையும் பிளஸ் கணக்கில் சேர்த்துவிடுவதா? முதலில் 'நான்'-ஐ விலக்குங்கள். பிறகு சி மொழியில் 'சைன்பிட்' இருக்கிறது. பைத்தானில் 'காப்பிசைன்' கொண்டு 1-க்கு அந்தக் குறியை ஒட்டிப் பார்க்கலாம்.

கடைக்காரருக்கு: தொகையைச் சுருக்கிய பிறகு 0.0-ஐக் கூட்டுங்கள், மைனஸ் போய்விடும். அந்த வரியைக் கோணம் கணக்கிடும் நிரலுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.