எம்பிஏ மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஆறு இலக்கங்கள்

அமெரிக்காவில் மே மாதம் எம்பிஏ முடித்தவர்களுக்கு ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதிக்கான கெடு நெருங்கிவிட்டது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரி (டிஎஸ்ஓ) பரிந்துரையைப் பதிவு செய்த நாளிலிருந்து 30 நாள் என்பது இன்னொரு கெடு. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் உங்களுக்கு. தேதிகளில் குழப்பம் இல்லை. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி வேறு.

இருவரும் எம்பிஏ. ஒருவருக்கு 12 மாத அனுமதி, மற்றவருக்கு 36 மாதம். ஏன்?

கல்லூரி தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் சிஐபி குறியீடு. 52.0201 என்றிருந்தால் அது பொது வணிக நிர்வாகம். ஓராண்டு ஓபிடியோடு சரி. 52.1301 என்றிருந்தால் அது மேலாண்மை அறிவியல். ஸ்டெம் பட்டியலில் உள்ள பாடம் என்பதால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம்.

ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் நாட்டுக்குத் தேவை என்று சொல்லித்தான் 2008இல் 17 மாத நீட்டிப்பைக் கொண்டுவந்தார்கள். 2016இல் அது 24 மாதமானது. எந்தக் குறியீடு ஸ்டெம் என்று பட்டியல் போடுவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஆனால் தன் படிப்புக்கு எந்தக் குறியீடு பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது கல்லூரி. வணிகப் பள்ளிகள் நுழைந்த வாசல் இதுதான். 2018இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சைமன் பள்ளி, எம்பிஏவின் எல்லாச் சிறப்புப் பிரிவுகளுக்கும் ஸ்டெம் வாய்ப்பைத் திறந்தது. ஹார்வர்ட், எம்பிஏவுக்குள்ளேயே மேலாண்மை அறிவியலுக்குத் தனித்தடம் வைத்தது. புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும் இன்றைய வணிகக் கல்வியில் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் படித்த இருவரின் வாழ்க்கை, கல்லூரி அலுவலகம் எடுத்த வகைப்பாட்டு முடிவால் இரண்டு வழியாகப் பிரிவதைத் திறமை பற்றிய கொள்கை என்று ஏற்க முடியவில்லை.

இந்த எண்ணின் மதிப்பு எச்-1பி வேலை விசா குலுக்கலில்தான் தெரியும். ஆண்டுக்கு 65,000 இடம். அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. பதிவு மார்ச்சில். 12 மாதக்காரருக்கு இடையில் வருவது ஒரே ஒரு மார்ச். 36 மாதக்காரருக்கு மூன்று. கல்விக் கடனை டாலர் சம்பளத்தில் அடைக்கலாம் என்று நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்த குடும்பத்துக்கு, அந்த இரண்டு கூடுதல் மார்ச் சிறிய விஷயமல்ல. கல்லூரிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் ஸ்டெம் என்பதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள்.

விளம்பரத்தில் வராதது இது: நீட்டிப்புக்கு வேலை தரும் நிறுவனம், ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், வேலை படித்த பாடத்தோடு பொருந்த வேண்டும். விற்பனைப் பிரிவில் சேர்ந்தவர் அங்கே மேலாண்மை அறிவியலை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று எழுதிக் காட்டியாக வேண்டும். மேலும், 2026 முதல் குலுக்கல் சம்பள நிலையைப் பொறுத்தது: முதல் நிலைச் சம்பளக்காரரின் பெயர் ஒருமுறை, நான்காம் நிலைக்காரரின் பெயர் நான்குமுறை சேர்க்கப்படும். மூன்று மார்ச் கிடைத்தாலும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் வாய்ப்பு முன்பு போல இல்லை.

வாசகர்களின் மற்ற கேள்விகள்:

ஓபிடி கேட்க வேலை கையில் இருக்க வேண்டுமா?
வேண்டாம்.

வேலையின்றி எத்தனை நாள் இருக்கலாம்?
மொத்தம் 90 நாள். ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால் முன்னதையும் சேர்த்து 150.

தமிழ்நாட்டில் வாங்கிய பி.இ. ஸ்டெம் கணக்கில் வருமா?
வராது, அமெரிக்கப் பட்டம் மட்டுமே.

கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி (படிக்கும்போதே வேலை செய்யும் அனுமதி) எடுத்தால் ஓபிடி போய்விடுமா?
முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால்தான் போகும்.

சொந்தத் தொழில்?
முதல் ஓராண்டில் படிப்போடு தொடர்புடையதாக இருந்தால் முடியும். நீட்டிப்பில் உங்கள் பயிற்சிக்கு நீங்களே கையெழுத்திட முடியாது.

புதிய எச்-1பி மனுவுக்கான 1,00,000 டாலர் கட்டணம் உண்டா?
அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறினால் இல்லை.

சேர்வதற்கு முன் என்ன கேட்பது?
முன்பணம் கட்டும் முன், உங்கள் ஐ-20இல் எந்தக் குறியீடு வரும் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.