சாட்சியத்தையும் சாட்சியையும் காத்தல்: களப்பணியாளரும் தரவுப் பாதுகாப்பும்

2018 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் திரண்ட தலித் மக்கள்மீது வன்முறை ஏவப்பட்டது. அதைத் தொடர்ந்து பதியப்பட்ட எல்கார் பரிஷத் வழக்கில் வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள் என 16 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுக்கு எதிராக முன்வைக்கப்பட்ட முக்கியச் சான்றுகள், கைப்பற்றப்பட்ட கணினிகளில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள்.

குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பின் வேண்டுகோளின்படி, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் எனும் தடயவியல் நிறுவனம் ரோனா வில்சனுடைய கணினித் தரவின் நகலை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. 2016 ஜூனில், வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஒரு கோப்பை வில்சன் திறந்தபோது நெட்வயர் எனும் உளவு மென்பொருள் உள்ளே நுழைந்தது என்றும், 22 மாதங்கள் நீடித்த ஊடுருவலில் மறைவான ஒரு கோப்புறைக்குள் கடிதங்கள் வைக்கப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறியது. நாக்பூரைச் சேர்ந்த தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினியிலும் அதே ஊடுருவல் 20 மாதங்களுக்கு மேல் நிகழ்ந்ததாகப் பிந்தைய அறிக்கை கூறியது. தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை ஏற்கவில்லை. இவற்றின் உண்மையை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

ஆயினும் அவ்வறிக்கை காட்டும் வழிமுறை நம் கவனத்திற்குரியது. கதவு திறந்தது அயலாரின் மின்னஞ்சலால் அன்று. நம்பிக்கைக்குரிய ஒரு தோழரின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலால். ஒருவருடைய கணக்கு பிறர் கைக்குப் போனால், அவரை நம்பும் அனைவரின் கருவிகளும் ஆபத்துக்குள்ளாகின்றன. எனவே தரவுப் பாதுகாப்பு என்பது தனிமனிதரின் எச்சரிக்கையாக மட்டும் இருக்க இயலாது. அது இயக்கத்தின் கூட்டுப் பொறுப்பு.

வன்கொடுமை நிகழ்ந்த ஊருக்குச் செல்லும் உண்மை அறியும் குழுவை எண்ணிப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலம் ஒருவரின் கைப்பேசியில் காணொளியாகப் பதிவாகிறது. அது வாட்ஸ்அப் குழுவிற்குப் போகிறது. குழுவில் உள்ள பலரின் கைப்பேசிகளில் தானாகவே சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து அவரவர் கூகுள் கணக்கிற்கும், அலுவலகக் கணினிக்கும், சில வேளைகளில் அறிக்கையை அச்சிடும் கடையின் கணினிக்கும் செல்கிறது. ஒரே நாளில் எத்தனை பிரதிகள், யார் யாரிடம் என்பது எவருக்கும் தெரியாமல் போகிறது.

இதில் இருவகைக் கேடுகள் உள்ளன. ஒன்று கசிவு: சாட்சி சொன்னவரின் பெயரும் முகமும் வீடும் ஆதிக்கச் சாதியினருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த நாளும் அவர் அதே ஊரில்தான் வாழவேண்டும். மற்றொன்று திரிபு: மூலக்கோப்பு எது, நகல் எது என நிறுவ இயலாதபோது, எதிர்த்தரப்பு சான்றையே ஐயத்திற்குள்ளாக்கும்.

இவற்றைத் தவிர்க்கச் சில நடைமுறைகள் போதும். முதலாவது, தேவையானதை மட்டும் திரட்டுவது. அறிக்கைக்குத் தேவையற்ற தொலைபேசி எண்ணையோ குழந்தையின் பள்ளிப் பெயரையோ குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, பதிவு செய்த மூலக்கோப்பை மாற்றாமல், குறியாக்கம் செய்யப்பட்ட தனி வன்தட்டில் ஒரு பொறுப்பாளரிடம் வைப்பது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, எடுத்த நேரமும் இடமும் நீங்கிவிடும். பொதுவெளியில் பகிர அது நல்லது. சான்றாகக் காட்ட அது போதாது. மூன்றாவது, அனைவரும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குவதும், வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலை அவ்வப்போது பார்த்து அறியாத கருவிகளை நீக்குவதும். நான்காவது, தோழரிடமிருந்து எதிர்பாராத கோப்பு வந்தால், திறப்பதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. ஐந்தாவது, பணியிலிருந்து விலகியவரைக் குழுவிலிருந்தும் பொதுக் கணக்குகளிலிருந்தும் உடனே நீக்குவது.

சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுடன் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு குறிக்கப்படும். ஹாஷ் என்பது கோப்பின் விரல்ரேகை போன்றது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். பதிவு செய்த அன்றே அதைக் கணக்கிட்டு எழுதி வைத்தால், பின்னர் எவர் கைவைத்தாலும் கண்டுபிடிக்கலாம். நம் கருவிகள் கைப்பற்றப்படும்போதும் அந்த மதிப்பை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்புப் பெறும் உரிமையை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு வழங்குகிறது. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறும் உரிமையையும் அதே பிரிவு அளிக்கிறது.

அந்த உரிமையின் பெயரால்தான் நாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்கிறோம். அங்கு அவர்கள் நம்மிடம் ஒப்படைப்பது வெறும் கோப்பு அன்று, தங்கள் பாதுகாப்பு. தரவைப் பொறுப்பாளர் யார், எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதை ஒவ்வோர் அமைப்பும் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அடுத்த களப்பயணத்திற்கு முன்பே அந்த முடிவு எடுக்கப்படட்டும்.